பென்டிரைவைக் கண்டுகொள்ளாத மடிக்கணினி

விண்டோஸை மறுபடி போடலாம் என்று பென்டிரைவைச் செருகினால், இந்த மடிக்கணினி அதைச் சட்டையே செய்வதில்லை. எதிலிருந்து கணினி தொடங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவுக்கு எந்த பட்டன்? ஒரு கம்பெனிக்கு எஃப்12, இன்னொன்றுக்கு எஃப்9, வேறொன்றுக்கு எஸ்கேப். லோகோ வந்து மறைவதற்குள் தட்டியாக வேண்டும். சரி, மெனு வந்தது. பட்டியலில் ஹார்டு டிஸ்க் மட்டும்தான்!

கணினியைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருளான யூஇஎஃப்ஐ நம்பிப் படிப்பது, ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த பார்ட்டிஷனைத்தான் (டிரைவின் பகுதியைத்தான்). ஆனால் ஃபேட்32-இல் 4 ஜிபிக்குமேல் ஒரே கோப்பாக வைக்க முடியாது. விண்டோஸை நிறுவத் தேவையான பெரிய கோப்பு, இன்ஸ்டால்.விம், பல நேரம் அதைத் தாண்டிவிடும். அப்புறம் என்டிஎஃப்எஸ் என்ற வேறு முறையில் ஃபார்மேட் செய்தால், பல மெஷின்களுக்கு அது புரியாது. கோப்பைத் துண்டாக்கி வைக்க வேண்டியிருக்கும். வீட்டில் கணினி வைத்திருப்பவர் இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும்? ஃபார்மேட் தப்பா, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் தடுக்கிறதா என்று ஒரே ஒரு வரி காட்டித் தொலைக்கக் கூடாதா? மூச்சே விடாமல் பழைய விண்டோஸுக்குள் போய் நிற்கிறது.