‘வயசானால் மறதிதான், வெளியே விடாதீர்கள்’: உண்மை என்ன?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றும் குரல் பதிவு இது: “மறதி நோய் முதுமையோடு வருவது, தடுக்க முடியாது. பெரியவர்களை வீட்டிலேயே ஓய்வாக வைத்தால் மூளை களைக்காது.” இரண்டுமே தவறு.

டிமென்ஷியா எனும் இந்த மறதி நோய் நரை போல எல்லோருக்கும் வருவதல்ல, அது நோய். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட 2024 அறிக்கை, மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைச் சொல்கிறது. அவை நீங்கினால் ஏறக்குறைய 45 விழுக்காட்டுப் பாதிப்பைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம். இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர் (நீரிழிவு), காது மந்தம் இவற்றோடு தனிமையும் அதில் உண்டு.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்தாலே நாலு பேர் “என்ன சமையல்?” என்று கேட்டுப் போவார்கள். யார் பேத்திக்குக் கல்யாணம், யாருக்குச் சுகமில்லை என்று கணக்கு வைக்கவே மூளைக்கு ஓயாத வேலை. அந்தத் தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிவந்த பாட்டிக்கு மின்தூக்கி பழுதானால் மிஞ்சுவது தொலைக்காட்சிதான். (பிள்ளைகளின் பாசத்தைக் குறை சொல்லவில்லை.)

ஆனால், பேசிப் பழகினால் நோய் வரவே வராது என்றும் யாரும் உறுதி தர முடியாது. நோய் தொடங்கியதாலேயே சிலர் ஒதுங்குவதும் உண்டு. பழகிய கோவிலுக்கு வழி தெரியாமல் திகைத்தால், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால், அரசு கிளினிக்கில் காட்டுங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு போன்ற சரிசெய்யக்கூடிய காரணமாகவும் இருக்கலாம்.