பில் கேட்டா பாசிஸ்ட்டாம்

ரெண்டு நாளா வாய மூடிட்டு இருக்கலாம்னுதான் பாத்தேன், முடியல. ஞாயித்துக்கிழமை நம்ம வாசகர் வட்டம் குரூப்புல என்ன நடந்துச்சுன்னு இங்க பாதி பேருக்குத் தெரியும். ஆண்டு விழாவுக்கு சவுண்ட் சர்வீஸ் 14,000 ரூவான்னு எழுதியிருக்கே, பில் எங்கன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. உடனே அது சங்கி. "கேட்டதுல என்ன தோழர் தப்பு"ன்னு சொன்ன நான் பாசிஸ்ட். முசோலினிக்கு அப்புறம் நான்தான் போல!

போன மாசம் மச்சான் வீட்டு காதுகுத்துல, ஸ்கூல்ல காலைல சாப்பாடு போடறது நல்ல திட்டம்னு சொன்னதுக்கு "வந்துட்டாரு 200 ரூவா ஊபி"ன்னாங்க, அதாவது காசுக்குக் கூவுற திமுககாரனாம். ஒரே மாசத்துல நான் ஊபியும் ஆகி பாசிஸ்ட்டும் ஆகிட்டேன். பில் மட்டும் வரல.

இத்தாலிய ஆண்ட முசோலினி 1919ல மிலான்ல பாசிஸ்ட்ங்கற பேரைத் தானே பெருமையா வச்சுக்கிட்ட ஆளு. 1926ல மத்த கட்சிக்கெல்லாம் தடை, அங்க கம்யூனிஸ்ட் தலைவரா இருந்த கிராம்ஷிய தூக்கி உள்ள போட்டாச்சு. அதுக்குப் பேருதான்யா பாசிசம்.

எங்க பெரியப்பா எமர்ஜென்சி அப்போ மிசா சட்டத்துல உள்ள இருந்தவர். 1976 ஜனவரி 31 கலைஞர் ஆட்சிய கலைச்சாங்க, அந்த வாரமே வீட்டு வாசல்ல ஜீப்பு. வெளிய வந்தப்புறம் இடது கைய தோளுக்கு மேல தூக்க முடியாது, சாகுற வரைக்கும் பெரியம்மாதான் சட்டை மாட்டி விட்டாங்க. கூட உள்ள இருந்த திமுக எம்.பி. சிட்டிபாபு அந்த அடியிலயே போய்ச் சேந்தார். ஆனா பெரியப்பா வாயில பாசிசம்ங்கற வார்த்தைய நான் கேட்டதே இல்ல. "லத்தி பரவால்லடா, பூட்ஸ் கால்தான்"னு சொல்லிட்டு வெத்தல மடிக்க ஆரம்பிச்சிருவார். ஏன்னா அன்னிக்கு அந்த வார்த்தை அடிச்சவங்க கையில இருந்துச்சு. இந்திராவ எதிர்த்து நின்ன ஜேபி, அதான் ஜெயப்பிரகாஷ் நாராயண், அவர் பின்னாடி போறவங்கல்லாம் பாசிஸ்டுங்க, அவங்ககிட்டேர்ந்து நாட்டக் காப்பாத்தறோம்னுதான் இந்திரா காந்தி தரப்பு எமர்ஜென்சிக்கே நியாயம் சொல்லுச்சு, இந்திய கம்யூனிஸ்ட் கட்சியும் கூட சேந்து ஆமாம் போட்டுச்சு.

"அப்போ இன்னிக்கு பாசிசமே இல்லங்கறியா"ன்னு வருவீங்க, தெரியும். இருக்குய்யா, யாரு இல்லன்னா? கூடங்குளத்துல உலை வேணாம்னு உக்காந்த ஆயிரக்கணக்கான பேரு மேல தேசத்துரோக கேஸ் போட்டாங்களே, அதெல்லாம் பேசத்தான் அந்த வார்த்தை வேணும்ங்கறேன். அத கொண்டு வந்து மைக் செட்டு கணக்குல கட்டுறீங்களே.

"நடுநிலை நக்கி"ன்னு ஒருத்தர். பதில் கிடையாது, போங்க.

"2019 எலெக்‌ஷன்ல நீயும்தான கண்டவனையெல்லாம் சங்கின்ன"ன்னு ஸ்க்ரீன்ஷாட்டோட இன்னொருத்தர். ஆமா சொன்னேன். அது வேற சூழ்நிலை. சரி, அவ்வளவு ஒண்ணும் வேற இல்ல, விடுங்க.

பாசிஸ்ட்னு சொன்னவர் மேலகூட எனக்கு கோவமில்ல, அவருக்கு அன்னிக்கு வேற பதில் இல்ல, பாவம். ஆனா அதுக்கு கீழ சிரிச்சு ஹாஹா போட்டுட்டு போனீங்களே ஒருத்தர், பொங்கலுக்கு எங்க வீட்டுல உக்காந்து ரெண்டாவது தடவ வடை கேட்டு வாங்கி சாப்பிட்டவர், பன்னெண்டு வருஷப் பழக்கம், நான் யாருன்னு உங்களுக்குமா தெரியாது?

அந்தப் பொண்ணு நேத்து ராத்திரி குரூப்ப விட்டே போயிருச்சு. பில்ல இன்னும் யாரும் காட்டல.