ஹேஸ்டிங்ஸோடு முடியாத கதை

இங்கிலாந்தைப் பிடித்து அரசனான நார்மண்டிப் பிரபு வில்லியம் என்றதும் எல்லோரும் 1066 அக்டோபர் 14ஐத்தான் பேசுகிறார்கள். அன்று நடந்த ஹேஸ்டிங்ஸ் போரில் ஆங்கிலேய அரசன் ஹரால்டின் கண்ணில் அம்பு பாய்ந்ததா இல்லையா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. என்னைக் கேட்டால், அந்த ஒரு பகல் போரை விட்டுவிட்டு அடுத்த இருபது வருஷத்தைப் பேச வேண்டும்.

ஆள் வளர்ந்த விதமே கரடுமுரடு. 1035இல் அப்பா இறந்தபோது வில்லியம் சின்னப் பையன். பிரபுப் பட்டம் கிடைத்தது, கூடவே கொலைகாரர்களும் வந்தார்கள். காவலாக இருந்த ஆஸ்பெர்னை, வில்லியம் தூங்கிய அறையிலேயே வெட்டிப்போட்டார்கள். முறைப்படி மணம் செய்யாத தாய்க்குப் பிறந்தவன் என்ற ஏச்சு வேறு. அலென்சோன் ஊர்க்காரர்கள் தோலைத் தொங்கவிட்டு, தாய்வழி தோல் பதனிடுகிறவர்கள் என்று கேலி செய்ய, பிடிபட்டவர்களின் கையையும் காலையும் வெட்டினான். சரி, பாவம் அந்தப் பையன் என்று நினைக்கலாம். அரசனான பிறகு செய்ததற்கு அந்தச் சலுகை செல்லாது.

1069இல் வட இங்கிலாந்து கலகம் செய்தது. அந்தக் குளிர்காலத்தில் வீடு, விதை நெல்லுக்கு ஈடான தானியம், ஏர், கால்நடை எல்லாவற்றையும் கொளுத்தச் சொன்னான். வேறு இடங்களில் அவனைப் புகழும் துறவி ஆர்டெரிக் விட்டாலிஸே இதை மன்னிக்கவில்லை. ஒரு லட்சம் பேருக்கு மேல் பட்டினியில் செத்தார்கள் என்று எழுதினார். எண்ணிக்கை மிகை என்றே வைத்துக்கொள்வோம். 1086இல் அவனுடைய அதிகாரிகளே யார்க்‌ஷயரில் ஊர் ஊராகப் ‘பாழ்’ என்று எழுதிப் போனார்களே, அதற்கு என்ன சொல்வது?

அவர்கள் எழுதிய அந்த நிலக் கணக்கெடுப்புதான் டூம்ஸ்டே புத்தகம். நிர்வாக மேதை என்று அவனைப் புகழ்கிறவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். மேதைதான், மறுக்கவில்லை. ஹரால்டுக்கு முந்தைய அரசன் எட்வர்ட் காலத்தில் இந்த நிலம் யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது, எத்தனை ஏர், எத்தனை ஆலை, அன்றைய மதிப்பு என்ன, இன்றைய மதிப்பு என்ன என்று கேட்டிருக்கிறார்கள். களவு போன வீட்டில் திருடனே உட்கார்ந்து பட்டியல் எழுதிய மாதிரி. பெரிய நிலக்காரர்களில் ஆங்கிலேயர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருந்தார்கள். ஓர் எருது, ஒரு பசு, ஒரு பன்றிகூட விடுபடவில்லை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, செய்ய அவனுக்கு வெட்கமில்லை என்று ஆங்கிலேயர்கள் ஆண்டுவாரியாக எழுதிவந்த ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம் பொருமுகிறது.

1087 செப்டம்பர் 9, நார்மண்டியின் ரூவான் நகரம். வில்லியத்தின் உயிர் போனதும் பிரபுக்கள் தங்கள் சொத்தைக் காக்க ஓடினார்கள், வேலைக்காரர்கள் துணிமணிவரை சுருட்டினார்கள். அப்புறம் கான் நகர மடத்தில் அடக்கம் நடக்கும்போது அஸ்செலின் என்பவர் எழுந்து, இது என் அப்பாவின் நிலம், இவன் பிடுங்கியது, இங்கே புதைக்க விடமாட்டேன் என்றார். விசாரித்தார்கள், சொன்னது உண்மை. குழிக்கு மட்டும் அறுபது ஷில்லிங் அங்கேயே எண்ணிக் கொடுத்து, மீதி நிலத்துக்கு அப்புறம் தருகிறோம் என்று வாக்குச் சொன்ன பிறகுதான் இங்கிலாந்து அரசனைப் புதைக்க முடிந்தது.