இழுத்துவிட்டால் ஏறிவிடுமாம்!

"இழுத்துவிட்டால் ஏறிவிடும் தம்பி" என்று சொன்ன அந்தச் சைக்கிள் கடை மகானை என் வீட்டு முற்றத்துக்கு அழைத்து வந்து, அவர் விற்ற டயரைக் கையில் கொடுத்து, "எங்கே, ஏற்றுங்கள் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். காப்பிகூடத் தருவேன்.

நான் கேட்டது 26 இன்ச், அகலம் 1⅜. அவர் கொடுத்தது 26 இன்ச், அகலம் 1½. இன்ச்சில் எட்டில் ஒரு பங்குதான் வித்தியாசமாம். 1⅜ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மில்லிமீட்டர், 1½க்கு 584. இரண்டுக்கும் பெயர் 26! மலைச் சைக்கிளில் வரும் 26 தனிப் பிறவி, அது 559. இந்தக் கூத்து வேண்டாம் என்றுதான் அகலத்தையும் விட்டத்தையும் சேர்த்து 37-590 என்று டயரின் பக்கவாட்டில் அச்சிடுகிறார்கள். அதைக் காட்டினால், "இந்தக் கடையை முப்பது வருடமாக நடத்துகிறேன்" என்கிறார். முப்பது வருடமும் கண்ணை மூடிக்கொண்டா நடத்தினார்?

ஒரேயடியாகச் சின்னதாக இருந்தால் பார்த்ததும் தெரிந்துவிடும். பாழாய்ப்போன ஆறு மில்லிமீட்டர்! முக்கால் வட்டம் சமர்த்தாக ஏறுகிறது. கடைசி ஒரு சாண் மட்டும் வர மறுக்கிறது. குண்டுப் பையனுக்குப் போன வருடத்துச் சட்டையை மாட்டுவதுபோல இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் பிதுங்குகிறது. சோப்புத் தண்ணீர் தடவினேன். வழுக்கிக்கொண்டு ஏறிய பக்கமும் இறங்கிவிட்டது. முழங்காலால் அழுத்திப் பிடித்து நெம்பினேன். நெம்புகோல் முறிந்தது. சாம்பார்க் கரண்டியின் காம்பை நுழைத்தேன். அது வளைந்தது, அதற்கு வீட்டில் தனி விசாரணை நடக்கிறது. போகிற போக்கில் புது ட்யூபையும் கடித்துத் தொலைத்தது அந்தக் கரண்டி. பழைய ஹெர்குலிஸ் சைக்கிளின் சட்டத்துக்காக ஒவ்வொரு போக்ஸ் கம்பியாகக் கோத்து, முதுகு ஒடியக் கோணல் நிமிர்த்தி வைத்திருந்த சக்கரம் இது!

திருப்பிக் கொண்டுபோனேன். "ஏற்றிப் பார்த்த டயரைத் திரும்ப எடுக்க மாட்டோம்."

"ஏறவில்லை என்றுதானே கொண்டுவந்திருக்கிறேன்!"

"அப்படியானால் ரிம்மை மாற்றிவிடுங்களேன் தம்பி."

சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது? சரி, ட்யூபுக்காவது ஒட்டுப் போட்டுக் காற்றடித்துப் பார்ப்போம் என்று வந்தால், பம்பைக் காணோம். பொங்கலுக்கு முன்பு எதிர்வீட்டுக்காரர் இரவல் வாங்கிக்கொண்டு போனது இன்னும் திரும்பவில்லை. அந்த மனிதர் வீட்டில் சைக்கிளே கிடையாது!