வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய ஜூலை 31 வரைக்கும் ஏன் காத்திருக்கிறீர்கள்?

சம்பளத்தில் பிடித்த வரிக்கு வேலை செய்யும் இடத்தில் தரும் ஃபாரம் 16 ஜூன் பாதியிலேயே கைக்கு வந்துவிடுகிறது. அதைப் பீரோவில் பூட்டிவைத்துவிட்டு, கடைசி நாளான ஜூலை 31 சாயங்காலம் கொட்டும் மழையில் குன்னூர் பஜாரில் இறங்கி, கணக்குத் தாக்கல் செய்து தரும் நம் ஆபீஸுக்கு ஓடி வருகிறார்கள். வருமான வரித் தளத்தின் பாஸ்வேர்டு மறந்திருக்கும். மாற்றலாம் என்றால், ஓடிபி வர வேண்டிய, ஆதாரில் இணைத்த போன் கோயம்புத்தூரில் மகனிடம் இருக்கும். அவர் போனை எடுக்க மாட்டார். மணி பத்தாகிவிடும். அன்றைக்குள் முடியாவிட்டால், வருமானம் ஐந்து லட்சத்தைத் தாண்டியவருக்குத் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய், திட்டு எங்களுக்கு.

தந்தி மாரியம்மனை வேண்டிக்கொண்டு நான் ஒரு பக்கம், ஜெபம் சொல்லிக்கொண்டு கூட வேலை செய்யும் மேரி அக்கா ஒரு பக்கம். நடுவில் யாராவது வர்க்கியும் டீயும் வாங்கி வந்து வைப்பார்கள். அந்தக் கூட்டாளிகள் இல்லையென்றால் இந்த மாதத்தைத் தாண்டவே முடியாது. அவர்களுக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். தயவுசெய்து ஜூனிலேயே வாருங்கள், அந்தப் போனோடு.