உயிர் எங்கேயும் போகவில்லை

ஒலிம்பிக்கில் சேர்த்ததும் ஸ்கேட்போர்டிங்கின் உயிர் போய்விட்டது என்கிறார், அதைப் பற்றிக் கட்டுரை எழுதிய ஒருவர். அப்படியா?

நான் அந்தச் சக்கரப் பலகையில் ஏறியதே 30 வயதில். ஆலி, அதாவது பலகையோடு சேர்ந்து துள்ளிக் குதிக்கும் வித்தை, உருப்படியாக வர நாலு மாசம் ஆச்சு. பலகையின் மேல் ஒட்டியிருக்கும் சொரசொரப்பான கிரிப் டேப்பில் உரசி உரசி முன்கால் ஷூவின் சுண்டுவிரல் பக்கம் ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். ஒருநாள் கணுக்கால் வீங்கி உட்கார்ந்திருந்தேன். பெயர்கூடத் தெரியாத ஒரு பொடியன் வந்து, "அண்ணா, தோளைத் திருப்பாதீங்க, நேரா வைங்க" என்றான். அடுத்த வாரம் நாலு சக்கரமும் சேர்ந்து தரை தொட்டதும் சுற்றி நின்றவர்கள் பலகையைத் தரையில் தட்டினார்கள். எங்கள் கைதட்டல் அதுதான்!

2021-ல் டோக்கியோவில் கடைசி ஓட்டத்தில் விழுந்து பதக்கத்தைத் தவறவிட்டு அழுத ஜப்பான் வீராங்கனை மிசுகு ஒகாமோட்டோவை, கூடப் போட்டியிட்டவர்களே தோளில் தூக்கிக்கொண்டார்களே, அதுவும் ஒலிம்பிக்தானே சார்? வேண்டுமானால் இந்த விளையாட்டை வைத்து ஷூ விற்கும் கம்பெனிகளைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.