மெயில் போட்டது நான் இல்லை

முதலில் ஒன்று. நம் ஆபீஸில் நடந்த ஐபிஎல் பந்தயத்தைப் பற்றி எச்ஆருக்கு மெயில் போட்டது நான் இல்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறவர்களும், "இங்க சில பேர் ரொம்ப நல்லவங்கப்பா" என்று ஸ்டேட்டஸ் வைத்தவரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நான் இல்லை. ஆனால் நீங்கள் ஆடியது சூதாட்டம்தான்.

"ஐம்பது ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா?" சரி, தொடங்கும்போது ஐம்பதுதான். பிளே-ஆஃப் வந்ததும் ஐந்நூறு. ஃபைனலுக்கு ஆயிரம், போதாதென்று முதல் ஓவரில் எத்தனை ரன், யார் முதலில் அவுட் என்று தனிப் பந்தயங்கள் வேறு. இருபத்திரண்டு பேர். நான் அக்கவுண்ட்ஸில் இருப்பவள், பெருக்கத் தெரியும்.

"யாரும் கமிஷன் எடுக்கலையே, அப்புறம் எப்படி சட்டவிரோதம்?" இந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டின் 1930 சூதாட்டச் சட்டப்படி ஓர் இடத்தைச் சூதாட்ட விடுதி என்று சொல்ல, நடத்துபவருக்கு லாபம் இருந்ததா என்று பார்ப்பார்கள். வாதாட இடமுண்டு. ஆனால் அதே சட்டம் பந்தயம் கட்டுவதையும் சூதாட்டம் என்ற சொல்லுக்குள்தானே வைத்திருக்கிறது? "நேத்து வரைக்கும் இந்தியா டீம் சட்டையிலேயே ட்ரீம்11 ஆப் பேரு இருந்துச்சே" என்கிறீர்கள். இருந்தது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடாளுமன்றம் தடை செய்தது, சட்டையிலிருந்தும் பெயர் போனது. செயலியில் ஆட முடியாமல் போனதைத்தான் நீங்கள் எக்ஸெல் ஷீட்டில் ஆடினீர்கள். குதிரைப் பந்தயம் மட்டும் நடக்கலாமா என்று கேட்பவர் உச்ச நீதிமன்றத்தில் போய்க் கேட்கட்டும், அது சூது இல்லை, திறமை ஆட்டம் என்று 1996லேயே பதில் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் அந்த 'மேட்ச் ஏழரைக்குத்தானே, வேலை எங்கே கெட்டது?' மேட்ச் ஏழரைக்கு. டாஸ் ஏழு மணிக்கு. ஆனால் யார் ஆடுவார், பிட்ச் எப்படி என்ற ஆராய்ச்சி மூன்று மணிக்கே ஆரம்பித்துவிடும், மறுநாள் காலை பதினொன்று வரை ஜிபே கணக்குத் தீர்க்கும் பஞ்சாயத்து. ஐபிஎல் தொடங்குவது மார்ச் கடைசியில், நாம் வருடக் கணக்கு முடிக்கிற அதே வாரத்தில். மூன்று பேருடைய பேங்க் ரீகன்சிலியேஷனை, அதாவது வங்கிக் கணக்கோடு நம் கணக்கை ஒத்துப்பார்க்கிற வேலையை, இரவு ஒன்பதரை வரை உட்கார்ந்து முடித்தது யார்? அன்றைக்கு நான் "ரொம்ப நல்லவ"தான், இந்த அர்த்தத்தில் இல்லை.

நான் ஏன் சேரவில்லை என்று எத்தனை முறை கேட்டீர்கள். கஞ்சம் என்றீர்கள், சிரித்துக்கொண்டேன். என் அப்பா லாட்டரி வாங்குவார். 2003இல் இங்கே லாட்டரியைத் தடை செய்யும் வரை தினமும். ஒருநாள் சட்டைப் பையில் சீட்டு இருப்பது தெரியாமல் அம்மா துவைத்துவிட்டாள். குழைந்துபோன அந்தக் காகிதத்தைப் பிரித்து, தோசைக்கல்லைக் கவிழ்த்து அதன் முதுகில் ஒட்டிக் காயவைத்தாள். கடைசி இரண்டு எண் அழிந்திருந்தது. அதில்தான் பரிசு விழுந்திருக்கும் என்று அப்பா ஒரு மாதம் அம்மாவோடு பேசவில்லை. இதை ஆபீஸில் சொல்ல முடியுமா? ஐம்பது ரூபாய் பந்தயத்துக்கு அழுகிறாள் என்பீர்கள்.

ஃபைனலுக்கு மறுநாள் பேன்ட்ரியில் நடந்த சண்டை எல்லோருக்கும் தெரியும். பந்தயத்தில் ஜெயித்த பணத்தைக் கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாது, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவு. அதனால்தான் சட்டைக் காலரைப் பிடித்துக் கேட்க வேண்டியதாயிற்று. அத்தனை சத்தத்துக்குப் பிறகு எச்ஆருக்குத் தெரிய ஒருத்தி போட்டுக்கொடுக்கவா வேண்டும்? நான் போடவில்லை. போட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது, அது வேறு விஷயம்.

ரூம் வாடகைக்கு என்று என்னிடம் இரண்டாயிரம் வாங்கிப்போய் ஃபைனலில் கட்டினானே நம் டீமின் சின்னப் பையன், அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். பணத்தையும் கேட்கப் போவதில்லை. ஆனால் இன்று நாலு மணிக்கு எல்லோரையும் டீக்குக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவன், என் சீட் பக்கம் வந்ததும் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனான். தினமும் "அக்கா, வாங்க" என்பான்.